நடுவழியில் நிற்கும் மைட்டோகாண்ட்ரியா ரைபோசோம்: கேள்வி பதில்

கீழக்கரை, கல்லூரி மாணவி: மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள ரைபோசோம் பாதியில நின்னுட்டா செல் என்ன செய்யும் சார்?

ரைபோசோம் என்பது எம்.ஆர்.என்.ஏ. என்ற செய்தி நாடாவைப் படித்துப் புரதம் கட்டும் கருவி. செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி ரைபோசோம் உண்டு. மீட்பு, அது எப்படி நின்றது என்பதைப் பொறுத்தது அம்மா. எம்.ஆர்.என்.ஏ. அறுந்துபோயிருந்தால், ரைபோசோமில் அது ஓடும் கால்வாய் தரை தட்டிய வள்ளத்துக்கு முன்னால் வற்றிய ஓடை மாதிரி காலியாகக் கிடக்கும். ஐ.சி.டி.1 என்ற புரதம் தன் வாலை அதில் நுழைத்து நிலைகொள்ளும். அதன் ஜி.ஜி.க்யூ. முனை (மூன்று அமினோ அமிலங்களின் சுருக்கம்), அமினோ அமிலங்களைச் சுமந்து வரும் டி.ஆர்.என்.ஏ.வில் தொங்கும் புரதச் சங்கிலியை வெட்டிவிடும். எம்.ஆர்.என்.ஏ. மிச்சமிருந்தால் வாலுக்கு இடமில்லை. அப்போது ரைபோசோம் 28எஸ் என்ற சிறு பாதி, 39எஸ் என்ற பெரிய பாதி என இரண்டாகப் பிரிந்த பிறகுதான் மீட்பு: 39எஸ்-இல் மாட்டிய சங்கிலியை எம்.டி.ஆர்.எஃப்-ஆர் என்ற புரதம் விடுவிக்கும், எம்.டி.ரெஸ்1 என்ற இன்னொரு புரதம் துணைக்கு நிற்கும்.

தேவிபட்டினம், பள்ளி ஆசிரியர்: நிறுத்தக் குறியீடே இல்லாத எம்.ஆர்.என்.ஏ. எப்படி வரும்?

நிறுத்தக் குறியீடு என்பது 'புரதம் முடிந்தது' என்று சொல்லும் யு.ஏ.ஏ. போன்ற மூன்றெழுத்து. மைட்டோகாண்ட்ரியாவில் பல ஜீன்கள் யு அல்லது யு.ஏ.வோடு முடிந்துவிடும். பின்னால் சேரும், ஏ எழுத்துகளின் வரிசையான பாலி-ஏ வால்தான் அதை யு.ஏ.ஏ. ஆக்குகிறது. வால் சேராவிட்டால் நிறுத்தமும் இல்லை.

தொண்டி, இறால் பண்ணைக்காரர்: இறாலில் குளோராம்பெனிக்கால் என்ற ஆன்டிபயாடிக்குக்கு இருக்கும் தடைக்கும் இதுக்கும் சம்பந்தமுண்டா?

பாதி உண்டு. பாக்டீரியா ரைபோசோமை முடக்குவதுபோலவே மைட்டோகாண்ட்ரியா ரைபோசோமையும் அது முடக்கும். அளவு கூடும்போது எலும்பு மஜ்ஜை மந்தமாவது இதனால்தான். மருந்தை நிறுத்தினால் சரியாகும். மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்கத் தவறும் அப்ளாஸ்டிக் அனீமியா அரிதாக வரும், அது வேறு ரகம். அதற்கு அளவுக் கணக்கே கிடையாது. அதனால்தான் உணவுக்குப் போகும் இறாலில் 'கொஞ்சம் போட்டால் பரவாயில்லை' என்ற பேச்சு எடுபடாது.

மண்டபம், ஆய்வு மாணவர்: புதுசா உருவாகும் மைட்டோகாண்ட்ரியா புரதங்களைக் கதிரியக்க எஸ்-35 மெத்தியோனினால அடையாளமிடும் லேபிளிங்கில் ஜெல் பட்டைகள் மங்கலா வருது சார்.

முதலில் மெத்தியோனின் இல்லாத மீடியமா, டயாலிசிஸ் செய்த சீரமா என்று பாருங்கள். சைட்டோசோலில் (செல்லின் திரவப் பகுதியில்) நடக்கும் புரத உற்பத்தியைத் தடுக்கும் எமிட்டின் மில்லிக்கு 100 மைக்ரோகிராம் சேர்த்து, 10 நிமிடம் விட்டு லேபிள் போடுங்கள். 30 முதல் 60 நிமிடம் போதும். நீட்டினால் சைட்டோசோலிலிருந்து வரவேண்டிய கூட்டாளிப் புரதங்கள் தீர்ந்து, கணக்கு குழம்பும். ஜெல்லுக்கு முன் மாதிரியைக் கொதிக்கவைக்காதீர்கள். காக்ஸ்1 போன்ற கொழுப்புநாட்டப் புரதங்கள் திரண்டு கிணற்றிலேயே தங்கிவிடும். ஒரு தட்டில் குளோராம்பெனிக்காலும் போடுங்கள். அதிலும் பட்டை தெரிந்தால் எமிட்டின் சரியாகத் தடுக்கவில்லை.

ரைபோசோம்களைப் பிரித்துப் பார்க்க சுக்ரோஸ் கிரேடியண்ட் ஓட்டும்போது பஃபரில் மெக்னீசியம் குறையவே கூடாது. குறைந்தால் முழு ரைபோசோமான 55எஸ் தானாகவே பிரியும், நீங்கள் அதை மீட்பு என்று எழுதிவிடுவீர்கள்!

ராமேஸ்வரம், தாய்: இந்த எம்.டி.ஆர்.எஃப்-ஆர் கோளாறு தாய்வழியாத்தான் வருமா?

இல்லை அம்மா. அந்த ஜீன் இருப்பது செல்லின் நியூக்ளியஸில், 12ஆவது குரோமோசோமில். தாய், தந்தை இருவரும் ஒவ்வொரு பழுதான பிரதி சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 சதவீத வாய்ப்பு. பார்வை நரம்புச் சிதைவு, லீ சிண்ட்ரோம் என்ற மூளை நோய், கால் விறைப்பு என வெளிப்படலாம். சொந்தத்துக்குள் திருமணமான குடும்பத்தில் இந்த அறிகுறிகள் தெரிந்தால், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. மட்டும் பார்க்கும் பரிசோதனை போதாது, நியூக்ளியஸ் ஜீன்களையும் சேர்த்துக் கேளுங்கள்.