வாசல் இருக்கச் சுவரை ஏன் உடைக்கிறார்கள்?

கேள்வி: நகரத்துக்குள் நடக்கும் சண்டை வீடியோக்களில் சிப்பாய்கள் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு நுழைகிறார்கள். பக்கத்திலேயே கதவு திறந்து கிடக்கிறது. ஏன் இந்த வீண் வேலை?

பதில்: கதவு திறந்து கிடப்பதுதான் சிக்கலே. யார் வந்தாலும் வாசல் வழியாகத்தான் வருவான் என்று உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். அங்கேயே குறி வைத்துக் காத்திருப்பான், இல்லையென்றால் கதவில் கண்ணிவெடியைக் கட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருப்பான். தெரு அதைவிட மோசம். இருபக்கமும் ஜன்னல், ஒளிய இடமில்லை, முனையில் ஒரே ஒரு இயந்திரத் துப்பாக்கி இருந்தால் மொத்தத் தெருவும் அவன் கையில்.

1943 டிசம்பரில் இத்தாலியின் ஓர்த்தோனாவில் ஜெர்மன் பாராசூட் படையோடு மோதிய கனடாக்காரர்கள் இதை அடி வாங்கித்தான் கற்றார்கள். அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியவை. அதனால் தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டு, ஒரு வீட்டின் மேல்மாடிக்குப் போய், பக்கத்து வீட்டுச் சுவரில் வெடியைச் சாத்தி வைத்து, கீழே ஓடி வந்து பதுங்கி, வெடித்ததும் புழுதி அடங்குமுன் மேலே ஏறி, அந்த ஓட்டைக்குள் கையெறி குண்டை வீசிவிட்டு நுழைந்தார்கள். அப்புறம் மாடியிலிருந்து கீழ்நோக்கி, ஒவ்வொரு அறையாக. ஏன் கீழ்நோக்கி? படிக்கட்டில் குண்டைக் கீழே உருட்டிவிடலாம், மேலே எறிந்தால் அது உருண்டு நம் காலடிக்கே வரும். தவிர, கீழே விரட்டப்பட்டவனுக்கு வாசல் இருக்கிறது, ஓடிவிடுவான். மொட்டைமாடிக்கு விரட்டப்பட்டவனுக்குப் போக்கிடம் இல்லை, கடைசித் தோட்டா வரை சுடுவான்.

கேள்வி: அவ்வளவு கஷ்டம் எதற்கு? டாங்கியை விட்டு ஏற்றிவிட வேண்டியதுதானே?

பதில்: 1994 டிசம்பர் 31 அன்று ரஷ்யப் படை, பிரிந்துபோக முயன்ற செச்சென்யாவின் தலைநகரான க்ரோஸ்னிக்குள் அந்த நினைப்பில்தான் போனது. டாங்கியின் பீரங்கிக் குழலை ஓரளவுக்கு மேல் நிமிர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது. கிட்டத்தில் இருக்கும் கட்டிடத்தின் மேல்மாடிக்கும் எட்டாது, நிலவறை ஜன்னலுக்கும் இறங்காது. செச்சென்கள் சரியாக அந்த இரண்டு இடத்திலும் ராக்கெட் லாஞ்சரோடு உட்கார்ந்திருந்தார்கள். வரிசையில் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் அடித்துவிட்டால் நடுவில் இருப்பவை அசைய முடியாது. ரயில் நிலையம் வரை போன ரஷ்யாவின் மைக்கோப் படைப்பிரிவு அப்படித்தான் சின்னாபின்னமானது. அதற்கப்புறம் ரஷ்யர்கள் விமானத்தைச் சுடுகிற பீரங்கி வண்டிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள், அவற்றின் குழல் வானம் பார்த்து நிமிரும் அல்லவா!

இதனால் டாங்கி உதவாது என்று அர்த்தமில்லை. மூடிய டாங்கிக்குள் இருப்பவருக்குப் பார்வை மிகக் குறுகல், அதனால் சுற்றிலும் காலாட்படை நடந்து கண்ணாக இருக்க வேண்டும். காலாட்படை கை காட்டும் ஜன்னலை டாங்கி அடிக்கும். இரண்டையும் பிரித்தால் இரண்டுமே காலி.

கேள்வி: முதலிலேயே குண்டு போட்டுத் தரைமட்டமாக்கிவிட்டால்?

பதில்: இடிபாடு கட்டிடத்தைவிட நல்ல அரண். 1944 பிப்ரவரி 15 அன்று இத்தாலியில் குன்றின் மேல் இருந்த மோன்டே கசினோ மடத்தை நேசநாடுகள் குண்டுவீசி நொறுக்கின. அதற்கப்புறம்தான் ஜெர்மானியர் அந்த இடிபாட்டுக்குள் வந்து குடியேறினார்கள், மே 18 வரை மடம் நேசப்படைகள் கைக்கு வரவில்லை. ஸ்டாலின்கிராடில் சோவியத் தளபதி சுய்கோவ் இன்னும் சாமர்த்தியம். ஜெர்மன் வரிசைக்குக் கையெறி குண்டு வீசும் தூரத்தில் தன் ஆட்களை ஒட்டி நிறுத்தினார். மேலே இருந்து குண்டு போட்டால் சொந்த ஆளே சாவான் என்று விமானிகள் தயங்க வேண்டியதாயிற்று.

கேள்வி: உள்ளே ஊர்மக்கள் இருந்தால்?

பதில்: பெரும்பாலும் இருப்பார்கள். சுவரில் ஓட்டை போடுபவனுக்கு அந்தப் பக்கம் இருப்பது சிப்பாயா, கட்டிலுக்கடியில் பதுங்கிய குடும்பமா என்று தெரியாது. ஓர்த்தோனாவில் ஊர்க்காரர்கள் மட்டும் 1,300 பேருக்கு மேல் செத்தார்கள்.