பனி போன ஏரியில் மீன் எங்கே? ரைஸ் ஏரி கேள்வி-பதில்

மே பிறந்துவிட்டால் கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஏரிகளில் மீன் பிடிப்பதைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிடும். பாதிக் கேள்விகளுக்கு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்தீர்களா?

மே மாத விக்டோரியா தின விடுமுறைக்கு ரைஸ் ஏரிக்குப் போனோம். காலை ஐந்திலிருந்து பத்துவரை தூண்டில் போட்டும் ஒரு பேர்ச் மீன்கூடக் கடிக்கவில்லை. ஏன்?

சீக்கிரம் போய், சீக்கிரம் திரும்பிவிட்டீர்கள். விடியற்காலையில் மீன் கடிக்கும் என்பது ஜூலை, ஆகஸ்டுக்கான கணக்கு. மே மாதத்தில் இரவுக் குளிர் ஆழமில்லாத தண்ணீரின் சூட்டை நன்றாக இறக்கிவிடும். வெயில் ஏறி அது மறுபடி சூடாகும்வரை கரையோர மீன் அசையாது. மதியம் பன்னிரண்டுக்குப் பிறகு போயிருந்தால் கதை வேறு.

இடமும் முக்கியம். வடகரையில் இருக்கும் சிறு குடாக்களைத் தேடுங்கள். சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே வெயில் நேராக விழும், வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றும் படாது. அடியில் கறுப்புச் சேறு இருந்தால் இன்னும் நல்லது, சூட்டை இழுத்து வைத்துக்கொள்ளும். போன வருடம் ஒரு பிற்பகல், வெப்பமானியை நூலில் கட்டி இறக்கிப் பார்த்தேன். ஏரி நடுவில் 11 டிகிரி. பழைய நாணல் தட்டைகள் நின்ற குடாவில் 15. கிராப்பி, சன்ஃபிஷ் என்ற சிறுமீன்கள் அந்த நாணலடியில்தான் கிடந்தன. இடுப்பளவுத் தண்ணீர், மிதப்புக்குக் கீழே இரண்டடித் தங்கூசி, ஒரு சின்ன மண்புழு, அவ்வளவுதான். புதுத் தூண்டில் தடி வாங்கும் காசில் முதலில் ஒரு வெப்பமானி வாங்குங்கள்.

பிக்கரல் மீன் பொழுது சாய்ந்தால்தான் கடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் உண்மை. வால்ஐ என்று புத்தகத்தில் எழுதப்படும் இந்த மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. இரவில் கார் விளக்குப் பட்டால் மாட்டின் கண் மின்னுகிறதே, அதே சங்கதி. மங்கல் வெளிச்சத்தில் பேர்ச்சுக்குச் சரியாகக் கண் தெரியாது, இதற்கு நன்றாகத் தெரியும். வேட்டை நேரம் அதுதான். பகலில் போகத்தான் வேண்டுமென்றால் மேகமும் காற்றும் உள்ள நாளாகப் பாருங்கள். அலையடித்தால் வெளிச்சம் சிதறிவிடும்.

ரைஸ் ஏரி இருக்கும் 17ஆம் மீன்பிடி மண்டலத்தில் மே இரண்டாவது சனிக்கிழமை பிக்கரல் பிடிக்கும் பருவம் திறக்கும். 35 முதல் 50 சென்டிமீட்டர் வரை உள்ளதை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். படகிலேயே ஓர் அளவுகோலை ஒட்டிவிடுங்கள். மண்டலத்துக்கு மண்டலம் விதி மாறும் என்பதால், வேறு ஏரிக்குப் போகுமுன் அந்த வருட விதித்தொகுப்பைப் பாருங்கள்.

கரையோரம் பெரிய பாஸ் மீன்கள் அப்படியே நிற்கின்றன. பிடித்துவிட்டுத் திரும்ப விட்டுவிட்டால் தப்பில்லையே?

தப்புத்தான். பருவம் திறக்காத மீனை, திரும்ப விடுகிற எண்ணத்தோடு குறிவைத்தாலும் ஒன்டாரியோவில் சட்டவிரோதம். பாஸ் ஜூன் பிற்பாதியில்தான் திறக்கும். அதற்குக் காரணம் நீங்கள் பார்த்த அந்தக் காட்சியேதான்.

தண்ணீர் 15 டிகிரியைத் தாண்டியதும் ஆண் ஸ்மால்மவுத் பாஸ் வாலால் விசிறி, சரளைக்கல் தரையில் சுளகு அளவுக்கு ஒரு வட்டத்தைச் சுத்தம் செய்து கூடாக்கும். பெண் மீன் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். தகப்பன்தான் காவல். சரியாகத் தின்னாமல், கிட்டே வரும் எதையும் துரத்தும். உங்கள் தூண்டிலைக் கவ்வுவதும் பசியால் அல்ல. அதை நீங்கள் தூக்கிப் படம் எடுக்கும் சில நிமிடங்களில், சோற்றைச் சுற்றி நிற்கும் காகங்கள் மாதிரி காத்திருக்கும் சன்ஃபிஷ் கூட்டம் முட்டைகளைத் தின்று தீர்த்துவிடும். ஒரு மீனை விட்டதாக நினைப்பீர்கள், ஆனால் ஒரு கூடே போயிருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா வந்திருக்கிறார். வயது 70. முதியோருக்கு மீன்பிடி லைசென்ஸ் தேவையில்லைதானே?

இதில் பலர் ஏமாறுகிறார்கள். 65 வயதுக்கு மேல் லைசென்ஸ் வேண்டாம் என்ற சலுகை கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். அப்பா விசிட்டராக வந்திருந்தால் வயது எத்தனை ஆனாலும் வாங்க வேண்டும். தந்தையர் தின வார இறுதியில் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்கிறார்களே, அதுவும் கனடாவில் வசிப்பவர்களுக்குத்தான். ஒரு நாள் லைசென்ஸ் எடுங்கள், அதற்கு அவுட்டோர்ஸ் கார்டு என்ற மாகாண அடையாள அட்டையைக் கேட்க மாட்டார்கள்.

பெரிய மீன்தான் குழம்புக்கு ருசி. பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

ருசியைப் பற்றி நான் வேறு கட்சி, சின்னதுதான் இனிப்பு. அது கிடக்கட்டும். பிக்கரல் மாதிரி மீனைத் தின்று வாழும் மீன்களில் வயது ஏற ஏறப் பாதரசம் சேரும். அது தசையிலேயே இருப்பதால் தோலை உரித்தாலும், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. எந்த ஏரியில், எந்த மீன், எந்த நீளத்தில், மாதம் எத்தனை வேளை என்று மாகாண அரசு ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. பிள்ளைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனி அளவு உண்டு.

மிஞ்சிய உயிர் இரைமீன்களை ஏரியிலேயே விட்டுவிடலாமா? பாவமாக இருக்கிறது.

விடாதீர்கள். வாளித் தண்ணீரைக்கூட ஏரியிலோ கரையிலிருந்து 30 மீட்டருக்குள்ளோ ஊற்றக்கூடாது. நோயும் வேற்றிட மீனும் அப்படித்தான் ஏரி விட்டு ஏரி பரவுகின்றன.

கறுப்பு ஈக்கு என்ன வழி? காதோரம் எல்லாம் இரத்தம்.

வெளிர் நிறச் சட்டை, காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகுவது, காற்று வீசும் திறந்த கரையில் நிற்பது. கறுப்பு ஈ பகல் வேலைக்காரன், இருட்டினால் போய்விடும். அப்புறம் நுளம்பு வரும். பிக்கரல் கடிக்கத் தொடங்குவதும் அப்போதுதான் என்பதால், முகவலை போட்ட தொப்பி ஒன்று வாங்கிவிடுங்கள்.