வீட்டில் ஆக்சிஜன் வைத்துப் பார்ப்பவர்கள் கேட்ட கேள்விகள்

நுரையீரல் வார்டில் செவிலியராகப் பல வருடம் இருந்தவள் நான். ஆக்சிஜன் மெஷினோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நாளில், சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். மற்ற சந்தேகமெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் வரும். இந்த முறை அப்படி வந்த கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு 68 வயது, சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்). டாக்டர் நிமிடத்துக்கு 1 லிட்டர் வைக்கச் சொன்னார். அதில் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் ரத்த ஆக்சிஜன் 90 சதவீதம் என்று காட்டுகிறது. நானே 3 லிட்டர் வைத்துப் பார்த்தேன், 97 வந்தது. அப்படியே விடலாமா சிஸ்டர்?

விடாதீர்கள். இன்றே டாக்டர் சொன்ன 1 லிட்டருக்குக் குறையுங்கள். உங்கள் அப்பாவுக்கு 90 நல்ல அளவுதான். சி.ஓ.பி.டி. உள்ளவர்களில் கரியமில வாயு தேங்கும் அபாயம் இருப்பவர்களுக்கு 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்றுதான் மருத்துவர்கள் இலக்கு வைக்கிறார்கள். 94–98 என்பது மற்ற நோயாளிகளுக்கான கணக்கு.

காரணத்தையும் சொல்கிறேன், தெரிந்தால் கை தானாகவே ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் ஃபுளோமீட்டர் பக்கம் போகாது. கெட்டுப்போன நுரையீரலில் காற்று சரியாகப் போய்வராத பகுதிகள் இருக்கும். உடம்பு அந்தப் பகுதிகளுக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்து, நல்ல பகுதிகளுக்குத் திருப்பிவிட்டிருக்கும். ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்தால் அந்த ஏற்பாடு குலைந்துவிடும். கெட்ட பகுதிக்கு மறுபடி ரத்தம் போகும், அங்கிருந்து கரியமில வாயு வெளியேறாது. அதோடு, ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் கரியமில வாயுவைக் குறைவாகவே சுமக்கும். சிலருக்கு மூச்சின் வேகமும் மந்தமாகும். மூன்றும் சேர்ந்து ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். ஆக்ஸிமீட்டரோ 97 என்று காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கரியமில வாயுவை அளக்க அதற்குத் தெரியாது.

எனவே மீட்டர் காட்டும் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காமல் முகத்தைப் பாருங்கள். காலையில் எழுந்ததும் தலைவலி என்கிறாரா, பகலெல்லாம் தூங்கி வழிகிறாரா, பேச்சு குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் பேசுகிறாரா? கரியமில வாயு ஏறுவதன் அறிகுறிகள் இவை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை தெரியும்படி மணிக்கட்டை மேலே மடக்கச் சொல்லுங்கள். பறவை சிறகடிப்பது போல விரல்கள் துடித்தால் 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம் அது. பயத்தில் குழாயை மட்டும் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஆக்சிஜன் முன்பு இருந்ததைவிடக் கீழே விழும். டாக்டர் எழுதிய அளவுக்குக் குறைத்துவைத்து, அவரைச் சாய்த்து உட்காரவைத்து, ஆம்புலன்சுக்குக் காத்திருங்கள். கூடவே, எத்தனை லிட்டரில் எத்தனை நேரம் இருந்தார் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

இதை வெறும் எச்சரிக்கையாக நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சி.ஓ.பி.டி. மூச்சுத்திணறல் என்று கருதப்பட்டு ஆம்புலன்சில் வந்த 405 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010-இல் வெளியானது. தாராளமாக ஆக்சிஜன் கொடுக்கப்பட்டவர்களில் 9 சதவீதம் பேர் இறந்தார்கள். 88–92 என்று அளந்து கொடுக்கப்பட்டவர்களில் 4 சதவீதம்.

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 15 மணி நேரம் என்று எழுதியிருக்கிறார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் அரைமணி வைத்துக்கொள்கிறார். அது போதாதா?

போதாது. இந்த ஆக்சிஜன் இளைப்பை அடக்குவதற்காக மட்டும் தருவதல்ல. வருடக்கணக்கில் ஆக்சிஜன் குறைந்தே இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் களைத்துப்போகும், கால் வீங்கும். அதைத் தடுக்கத்தான் இத்தனை மணி நேரம். 1981-இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வில் தினமும் 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொண்ட 42 பேரில் ஐந்து வருடத்துக்குள் 19 பேர் இறந்தார்கள். எடுத்துக்கொள்ளாத 45 பேரில் 30 பேர்.

தூக்கத்தில் எட்டு மணி நேரம் கழிந்துவிடும். மீதியை டிவி பார்க்கும்போது, காய் நறுக்கும்போது, சாப்பிடும்போது சேர்த்துக்கொள்ளலாம். சாப்பிடும்போது கழற்றக் கூடாது, மெல்லுவதும் விழுங்குவதுமே அவருக்கு ஒரு வேலை. பெரும்பாலும் குழாய் எட்டாததால்தான் கழற்றுகிறார்கள். பாத்ரூம் வரை எட்டும் நீளமான குழாய் கேட்டு வாங்குங்கள். கால் தடுக்காமல் சுவரோரமாக ஓடவிடுங்கள். காதுக்குப் பின்னால் உறுத்துகிறது என்றால், குழாய் படும் இடத்தில் பஞ்சோ மெல்லிய துணியோ சுற்றுங்கள். தினமும் அந்த இடத்தைப் பாருங்கள், தோல் சிவந்திருந்தால் புண்ணாகப் போகிறது என்று அர்த்தம்.

மூக்கு வறண்டு ரத்தம் கசிகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

வேண்டாம், வாசலினும் வேண்டாம். ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். மருந்துக் கடையில் தண்ணீர் கலந்த ஜெல் கிடைக்கும், அதைத் தடவுங்கள். எண்ணெய்க் கையோடு சிலிண்டர் ரெகுலேட்டரையும் தொடாதீர்கள். பூஜை விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, கேஸ் அடுப்பு எல்லாம் மூன்று மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பீடி, சிகரெட் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது. குழாயை மூக்கில் வைத்துக்கொண்டே பற்றவைத்து முகம் வெந்து வந்தவர்களுக்கு நானே டிரெஸ்ஸிங் செய்திருக்கிறேன்.

ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் கேன் தண்ணீர் ஊற்றலாமா?

காய்ச்சி வடித்த தண்ணீர், அதாவது டிஸ்டில்ட் வாட்டர்தான் நல்லது. கிடைக்காவிட்டால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர். பழைய தண்ணீரோடு சேர்த்து ஊற்றாமல், தினமும் கொட்டிக் கழுவிப் புதிதாக ஊற்றுங்கள். 4 லிட்டருக்குக் கீழே வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த பாட்டிலே தேவைப்படாது, டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

மாஸ்க் போட்டால் நன்றாக ஏறுமே, 2 லிட்டரிலேயே மாஸ்க் போடலாமா?

கூடாது. சாதாரண மாஸ்க்குக்குக் குறைந்தது 5 லிட்டர் வேண்டும். அதற்குக் கீழே வைத்தால், வெளியே விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். 2 லிட்டருக்கு மூக்குக் குழாய்தான்.

அடிக்கடி கரண்ட் போகிறது. என்ன ஏற்பாடு?

கான்சன்ட்ரேட்டர் அறைக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைத் தரும் மெஷின். கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். அதனால் ஒரு பி-டைப் சிலிண்டராவது கைவசம் வேண்டும். நிறைத்தால் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். 2 லிட்டரில் வைத்தால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வரும். சிலிண்டரைச் சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். திறக்கும் சாவி அதிலேயே தொங்கட்டும். இருட்டில் சாவியைத் தேடி வீடே அலறியதைப் பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மாமியாருக்கு ஆக்சிஜன் 96 இருக்கிறது, ஆனாலும் மூச்சு முட்டுகிறது என்று அழுகிறார். நடிக்கிறாரோ என்று வீட்டில் பேசுகிறார்கள்.

நடிக்கவில்லை. மூச்சுமுட்டல் ஒரு உணர்வு. ஆக்சிஜன் சரியாக இருக்கும்போதும் வரும், அப்போது ஆக்சிஜன் வைப்பதால் பெரிய பலன் இருக்காது. முதல் முறை வருகிறது என்றாலோ, நெஞ்சுவலி, காய்ச்சல், கால்வீக்கம் இருந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்றால், சின்ன ஃபேனை முகத்துக்கு நேராக, கன்னத்திலும் மூக்கிலும் காற்று படும்படி வையுங்கள். எளிய வழிதான், ஆனால் நிஜமாகவே மூச்சுமுட்டல் குறைகிறது. நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் மேஜையில் தலையணை போட்டு, முழங்கைகளை ஊன்றிக் குனிந்திருக்கச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடட்டும். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே மூச்சு விடுங்கள். "பயப்படாதீங்க" என்று பத்துத் தடவை சொல்வதைவிட அது சீக்கிரம் கேட்கும்.

கையில் மருதாணி இருக்கிறது, ஆக்ஸிமீட்டர் சரியாகக் காட்டுமா?

சிவப்பு மருதாணி பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. கறுப்பு மெஹந்தியும் அடர்ந்த நெயில் பாலிஷும் தவறான எண்ணைக் காட்டலாம். வேறு விரலில், இல்லாவிட்டால் காது மடலுக்கான கிளிப்பில் பாருங்கள். கை சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கி, எண் அலைபாயாமல் நிற்கும்வரை ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்து எழுதுங்கள்.