கழுவிய அழுக்கு எங்கே போகிறது? – மீன் கூண்டு ரோபோ கேள்வி-பதில்

கே: கடலில் மீன் வளர்க்கும் கூண்டின் வலையைக் கழுவும் ரோபோ என்ன விலை வரும்?

ப: கூண்டின் விட்டம், ஆழம், நீரோட்ட வேகம், வலைக்கண் அளவு. நாலில் ஒன்றையாவது எழுதியிருக்கலாம். ‘வண்டி என்ன விலை’ என்று கேட்டால் சைக்கிளா லாரியா என்று நான் எதை வைத்துச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

கே: ரோபோவின் கேபிள் வலையில் சிக்கித் தொல்லை தருகிறது. வைஃபையில் ஓட்டலாமா?

ப: முடியாது. ரேடியோ அலை கடல்நீரில் கொஞ்ச தூரத்திலேயே செத்துவிடும். ஜிபிஎஸ்ஸும் அப்படித்தான். ஒலி நொடிக்கு 1500 மீட்டர் போகும். ஆனால் நேரடி வீடியோவைச் சுமக்க அதற்குத் தெம்பில்லை. மூழ்காமலும் மிதக்காமலும் நிற்கிற வகைக் கேபிளை வாங்குங்கள். தேவையான நீளத்துக்கு மேல் தண்ணீரில் விடாதீர்கள்.

கே: எங்கள் ஸ்டார்ட்அப்பின் ரோபோ மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு வேகமாகக் கழுவுகிறது. ஆனாலும் பண்ணைக்காரர்கள் தயங்குகிறார்களே?

ப: வேகத்தை எழுதினீர்கள். கழுவிய அழுக்கு எங்கே போகிறது என்று எழுதினீர்களா? ரோபோ செய்கிற ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. வலையில் ஒட்டியிருப்பது வெறும் சேறு அல்ல. அதில் ஹைட்ராய்டு இருக்கும். ஜெல்லிமீனுக்குப் பங்காளி, கொட்டும் செல்கள் அதற்கும் உண்டு. அழுத்த நீரால் அடித்தால் தூள்தூளாகிக் கூண்டுக்குள் மிதக்கும், மீனின் செவுளில் போய்ப் படியும். செவுள் புண்ணான மீன் இரை எடுக்காது. நீங்கள் கழுவிவிட்டுப் போன மறுநாள் தீவனம் அப்படியே மிதந்தால், பண்ணைக்காரர் உங்களை இன்னொரு முறை கூப்பிடுவாரா?

இன்னொன்று. ஹைட்ராய்டின் அடிக்கட்டை வலையில் மிச்சமிருந்தால் சில நாட்களிலேயே மறுபடி துளிர்க்கும். செம்புப் பூச்சு போட்ட வலையாக இருந்தால் அந்தப் பூச்சும் உரிந்து கடலில் கலக்கும். பாசி தடுக்கப் போட்ட பூச்சை நீங்களே உரித்துவிட்டு, பாசி சீக்கிரம் வருகிறது என்று இன்னும் அழுத்தத்தைக் கூட்டுவீர்கள்.

நீரோட்டம் உள்ளே நுழைகிற பக்கத்தைக் கழுவினால் மொத்த அழுக்கும் மீன்களின் நடுவே போகும். வெளியேறுகிற பக்கத்தைக் கழுவினால் கூண்டை விட்டுப் போகும், ஆனால் அடுத்த கூண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். உறிஞ்சிச் சேகரிக்க முடிந்தால் இந்தக் கணக்கே வேண்டாம். அதைச் செய்து காட்டுங்கள், வேகத்தை அப்புறம் பேசலாம். கழுவும்போது ஆக்சிஜன் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும்.

கே: அப்படியானால் அறுவடை வரை கழுவாமலே விட்டால்?

ப: அது அதைவிட மோசம். 2017இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சைப்ரஸ் தீவருகே ஒரு சால்மன் கூண்டு சரிந்து சுமார் இரண்டரை லட்சம் மீன்கள் தப்பின. வலைகளில் 100 டன்னுக்கு மேல் மட்டியும் மற்றவையும் ஒட்டியிருந்ததாக மாநில அரசின் விசாரணை சொன்னது. கண் அடைந்த வலை நீரோட்டத்துக்குப் பாய்மரம் மாதிரி, இழுத்துக்கொண்டு போகும். அடிக்கடி கழுவுங்கள், மென்மையாகக் கழுவுங்கள்.

கே: கேமராவில் எல்லாம் வெள்ளையாகத் தெரிகிறது. பெரிய விளக்கு போடலாமா?

ப: மூடுபனியில் ஹைபீம் போட்டுப் பார்த்ததில்லையா? விளக்கைக் கேமராவிலிருந்து தள்ளிப் பக்கவாட்டில் வையுங்கள். அதற்கும் தெரியாத கலங்கல் என்றால், ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கும் சோனார்தான்.

கே: நீச்சல் குளத்தில் மூன்று மாதம் நன்றாக ஓடிய ரோபோ, கடலில் ஒரே வாரத்தில் நின்றுவிட்டது.

ப: குளத்தில் உப்பு ஏது, நீரோட்டம் ஏது, வலைநூல் ஏது? முதலில் த்ரஸ்டரில், அதாவது ரோபோவைத் தள்ளும் விசிறியில், நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள். அடுத்து, துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகத் துண்டு மிச்சமிருக்கிறதா பாருங்கள். கரையேறியதும் நன்னீரில் அலசுங்கள். இதைப் போன முறையும் சொன்னேன்.

கே: 30 மீட்டர் ஆழத்தில் ரோபோவின் பெட்டிக்குள் நீர் கசிகிறது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) புதிதுதான்.

ப: புதிதாக இருந்தால் போதாது, சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு தலைமுடி போதும் கசிய. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. துடைத்து, லேசாகக் கிரீஸ் தடவி, இறக்குமுன் வெற்றிடச் சோதனை செய்யுங்கள்: பெட்டியின் காற்றை உறிஞ்சிவிட்டு, காற்று திரும்ப உள்ளே நுழைகிறதா பாருங்கள்.

கே: ஒரே ரோபோவை இரண்டு பண்ணைகளுக்கு வாடகைக்கு விடலாமா?

ப: விடலாம். நடுவில் நன்னீரில் அலசி, கிருமிநாசினி போட்டு, நன்றாகக் காயவைத்த பிறகு. ரோபோவைப் பளபளவென்று துடைத்துவிட்டு, நூறு மீட்டர் ஈரக் கேபிளை அப்படியே சுருட்டி எடுத்துப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேபிளையும் சேர்த்துத்தான்.