எல்லோருடைய பில்லும் உங்கள் கார்டில் எதற்கு?

கேள்வி: எனக்கு 27 வயது. தென்காசிப் பக்கம் ஊர். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. பிடித்தம் போகக் கைக்கு வருவது 48,000 ரூபாய். விடுதிக்குச் சாப்பாட்டுடன் 11,000, வீட்டுக்கு 15,000, ஸ்கூட்டர் தவணை 4,200, ஆர்.டி. 3,000, மற்ற செலவுகள் 8,000. அலுவலக நண்பர்கள் ஆறு பேர் மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு வெளியே சாப்பிடப் போவோம். வெள்ளிக்கிழமை நான் கவிச்சி தொடுவதில்லை. மது எப்போதுமே கிடையாது. ஆனாலும் பில்லை ஆறாகப் பிரிப்பதுதான் வழக்கம். தனியாகக் கணக்குப் பார்த்தால் கஞ்சம் என்பார்களோ என்று பயம். கிண்டல் தாங்காமல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் சிக்கனும் சாப்பிட்டுவிட்டேன், அம்மாவிடம் சொல்லவில்லை. பாயின்ட் சேரும் என்பதால் முழு பில்லையும் என் கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு, அவரவர் பங்கைப் பிறகு வாங்கிக்கொள்வேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லித் தராமலே விட்டுவிடுகிறார். ஐந்து மாதத்துக்கு முன் தம்பியின் கல்லூரிக் கட்டணம் 65,000 கட்ட வேண்டிவந்தது. அந்த மாதம் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினேன். அதன்பின் அதுவே வழக்கமாகிவிட்டது. இப்போது பாக்கி 1,04,000. ஆர்.டி.யில் 45,000 இருக்கிறது. 16 சதவீத வட்டிக்குத் தனிநபர் கடன் வாங்கி அடைக்கலாமா? கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றலாமா? நண்பர் ஒருவர் ‘பிறகு கட்டலாம்’ செயலியையும், உணவகத் தள்ளுபடிச் சந்தாவையும் சொல்கிறார். வீட்டுக்கு அனுப்புவதைச் சில மாதங்களுக்கு 10,000 ஆகக் குறைக்கலாமா என்றும் யோசிக்கிறேன். கடைசியாகச் சாப்பிட்ட பில்லின் படத்தை இணைத்திருக்கிறேன்.

பதில்: வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் கை வைக்காதீர்கள். அதை நம்பி அங்கே அரிசியும் மருந்தும் வாங்குகிறார்கள். ஐந்து நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூச்சப்பட்டு, அதற்காகப் பெற்றவர்களின் கையைக் கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

நீங்கள் கேட்டிருப்பது எந்தக் கடன் நல்லது என்று. கடன் எப்படி வந்தது என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நீங்கள் அனுப்பிய பில்லை எடுத்துக்கொள்வோம். உணவு 4,600. சேவைக் கட்டணம் 10 சதவீதம், 460. இரண்டுக்கும் சேர்த்து 5 சதவீத ஜி.எஸ்.டி. 253. ஆக உணவு பில் 5,313. அதன் கீழே தனியாக மது பில் 5,487. மொத்தம் 10,800. தலைக்கு 1,800.

நீங்கள் பேனாவால் குறியிட்டிருக்கும் உங்கள் தட்டு: காளான் மிளகு வறுவல் 290, பட்டர் நான் இரண்டு 130, எலுமிச்சை சோடா 120. ஆக 540, வரியுடன் 567. சாப்பிட்டது 567, கொடுத்தது 1,800. ஒரு வெள்ளிக்கிழமைக்கு 1,233 ரூபாய் கூடுதல். மாதம் இருமுறை என்றால் ஆண்டுக்குச் சுமார் 29,600. இது உறுத்துவது நியாயம்தான். ஆனால் உங்களைக் கவிழ்த்தது இதுவல்ல. ஆறில் ஒரு பங்கு அநியாயம் என்றால், மீதி ஐந்து பங்கும் உங்கள் கார்டில் ஏறுவதுதான் ஆபத்து.

ஐந்து மாதம், பத்து வெள்ளிக்கிழமை. கார்டில் தேய்த்தது 1,08,000. அதில் உங்கள் பங்கு 18,000. ஒவ்வொரு முறையும் ஒருவர் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று சொல்லித் தராமலே விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது இன்னொரு 18,000. மீதி 72,000 யு.பி.ஐ. வழியாக உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வந்திருக்கிறது. வந்த பணம் கார்டுக்குப் போகவில்லை. தம்பியின் கட்டணத்துக்கும் ஊருக்குப் போய்வரும் செலவுக்கும் போய்விட்டது. நண்பர்கள் சாப்பிட்ட இறாலுக்கு அவர்கள் பணம் தந்துவிட்டார்கள். அதை நீங்கள் கடனாக எடுத்துச் செலவழித்துவிட்டீர்கள். தம்பியின் படிப்புக்கு நீங்கள் வாங்கிய கடன் இதுதான். வங்கிக்குப் போய்க் கையெழுத்துப் போடவில்லை என்பதால் கடன் என்று தெரியாமலே போய்விட்டது.

அதற்கு வட்டி என்ன? மாதம் 3.6 சதவீதம் என்று வையுங்கள். பல கார்டுகளில் இதை ஒட்டித்தான் இருக்கும். அந்த வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. சாதாரண வங்கிக் கடன் வட்டிக்கு இந்த வரி கிடையாது; கார்டு வட்டிக்கு மட்டும் உண்டு. சேர்த்துப் பார்த்தால் மாதம் 4.25 சதவீதம், ஆண்டுக்கு 51. உங்கள் 1,04,000 பாக்கிக்கு ஒரு மாத வட்டியும் வரியும் 4,400-ஐத் தாண்டும். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 5,200. மாதம் 5,200 கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்; அசலில் குறைவது 800 ரூபாய்கூட இல்லை.

பாயின்ட் சேருகிறது என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். முழுப் பாக்கியையும் கட்டாத கார்டில் புதிதாகத் தேய்க்கும் தொகைக்கு வட்டியில்லா நாட்கள் கிடையாது; தேய்த்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். 10,800-க்கு ஒரு மாதத்தில் 459 ரூபாய். நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும் பாயின்ட் 108. இந்த வியாபாரத்தை யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது ஒன்றுதான்: மேசைக்கு அந்தக் கார்டு வரக்கூடாது. விடுதி அலமாரியில் பூட்டிவிட்டுப் போங்கள். போனில் பணம் செலுத்தும் செயலியில் அதை இணைத்திருந்தால் நீக்குங்கள். உங்கள் பங்கைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கட்டுங்கள். முழு பில்லை வேறொருவர் கட்டட்டும். நீங்கள் அங்கேயே, எழுந்திருக்கும் முன் அனுப்பிவிடுங்கள்.

இனி அந்தப் பங்கு எவ்வளவு என்பது. இங்கேதான் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். உங்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்பது தெரியும். ‘இந்தக் காலத்தில் வெள்ளிக்கிழமையாவது, கிழமையாவது’ என்று சிரிக்கும் ஒரு குரல் எல்லா மேசையிலும் இருக்கிறது. புரட்டாசியில் அசைவம் நிறுத்தும் ஆண்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதே கதையைச் சொல்வார்கள். எதைச் சாப்பிடுவது என்பது உங்கள் விருப்பம். அதற்கு நான் ஆலோசகன் அல்ல. ஆனால் பிறர் வற்புறுத்தலுக்காக ஒரு பழக்கத்தை விட்டுவிட்டு, அதை அம்மாவிடம் மறைக்கும் நிலை உங்களை வருத்துகிறது என்பது அந்த வரியிலேயே தெரிகிறது. அந்த வருத்தத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் 1,800 கட்டியிருக்கிறீர்கள்.

மற்றவர்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரிப்பதுதான் பிடிக்கும் என்று நீங்களாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை. 2004-இல் யூரி க்னீசி என்ற பொருளாதார அறிஞரும் வேறு இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இஸ்ரேலில் ஒரு உணவகத்தில் ஆறு ஆறு பேராக உட்காரவைத்துச் செய்தது. அவரவர் பில்லை அவரவர் கட்ட வேண்டிய குழுவில் தலைக்குச் சுமார் 37 ஷெகல் செலவானது. சமமாகப் பிரிக்கும் குழுவில் அது 51 ஆனது. எப்படியும் பங்கு கொடுக்கத்தானே போகிறோம், நாம் மட்டும் ஏன் குறைவாகச் சாப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் கூடுதலாகக் கேட்டிருக்கிறார்கள். எந்த முறை வேண்டும் என்று கேட்டபோது பெரும்பாலோர் தனித்தனியாகக் கட்டுவதையே விரும்பினார்கள். உங்கள் ஆறு பேரிலும் மாதக் கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு பங்கு அனுப்பும் இன்னொருவர் இருக்கக்கூடும். நீங்கள் சொன்னால் அவருக்கும் மூச்சு வரும்.

சொல்வதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பில் வந்த பிறகு சொன்னால் அது சண்டை; போவதற்கு முன் சொன்னால் அது தகவல். வெள்ளிக்கிழமை மதியமே நண்பர்களுக்குச் செய்தி அனுப்புங்கள்: ‘இன்று எனக்கு சைவம்தான். என் பில்லைத் தனியாக வாங்கிக்கொள்கிறேன்.’ அவ்வளவு போதும். கடன் கதையோ, தம்பியின் கட்டணமோ அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம், ‘அண்ணா, எனக்குத் தனி பில்’ என்று சொல்லிவிடுங்கள். முதலிலேயே சொன்னால் அவர்களுக்கும் சிரமம் இல்லை. எல்லாம் முடிந்தபின் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

இதையும் சொல்ல முடியாது என்றால், இன்னும் எளிதான வழி உங்கள் பில்லிலேயே இருக்கிறது. மது ஜி.எஸ்.டி.க்குள் வராது, அதற்கு மாநில அரசின் வரி. அதனால்தான் அது தனியாக அச்சாகியிருக்கிறது. ‘உணவை ஆறாகப் பிரிப்போம், மதுவைக் குடித்தவர்கள் பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். யார் எத்தனை பட்டர் நான் சாப்பிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. 5,313-ஐ ஆறால் வகுத்தால் 885. ஒரே வாக்கியத்தில் 900 ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்த 460 சேவைக் கட்டணத்தையும் நீக்கச் சொல்லலாம். அதைக் கட்டாயமாக வசூலிக்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. பரிமாறியவருக்கு மனம் விரும்பிக் கையில் கொடுப்பது வேறு.

இத்தனைக்கும் பிறகு கஞ்சம் என்று ஒருவர் சொன்னால், அவர் உங்களுக்கு எவ்வளவு தர வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த ‘அடுத்த வாரம்’ ஆசாமியாகத்தான் இருப்பார்.

கடனை அடைக்கும் வழிக்கு வருவோம். ஆர்.டி.யை உடைத்துவிடுங்கள். 7 சதவீதம் வரும் என்று அதைப் பொத்திவைத்துக்கொண்டு 51 சதவீதம் கட்டுகிறீர்கள். முன்கூட்டி முடித்தால் வட்டி கொஞ்சம் குறையும், குறையட்டும். பாக்கி 59,000 ஆகும். அடுத்து, வராமல் நிற்கும் 18,000. பழைய பில்களைப் பார்த்துத் தேதி, தொகை போட்டு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இந்த வாரமே அனுப்பிக் கேளுங்கள். ‘மறந்திருப்பீர்கள்’ என்று தொடங்கினால் போதும். அது முழுதும் வந்தால் பாக்கி 41,000.

ஆர்.டி. நின்ற 3,000-ஐயும் சேர்த்தால் மாதம் 9,800 கையில் மிஞ்சும். அதில் 8,000 கார்டுக்கு. 41,000 என்றால் ஆறு மாதத்தில் முடியும். வட்டி 6,000 சொச்சம். அப்போது 16 சதவீதக் கடன் வேண்டாம். பரிசீலனைக் கட்டணம், வரி எல்லாம் போக மிஞ்சுவது ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுதான். நண்பர்கள் பணம் வரவே இல்லை என்றால், 59,000-க்கு ஒன்பது மாதமும் 13,000 வட்டியும் ஆகும். அந்த நிலையில் ஓராண்டுக் கடன் வாங்கலாம். ஒரு நிபந்தனை: கடன் பணம் வந்த அன்றே கார்டின் வரம்பை 20,000-க்குக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு எழுத வேண்டும். தனிநபர் கடன் வாங்கிக் கார்டைக் காலி செய்த பலர், அடுத்த ஆண்டு அந்தக் கடனையும், மறுபடி நிரம்பிய கார்டையும் சேர்த்துச் சுமப்பதைப் பார்க்கிறேன். அம்மாவின் நகையை வைத்தால் வட்டி இன்னும் மலிவு என்று யாராவது சொல்வார்கள். இந்தப் பில்லுக்காக அம்மாவின் நகையைக் கேட்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்டு பாக்கியைத் தவணையாக மாற்றினால் வட்டி குறையும், ஆனால் பரிசீலனைக் கட்டணமும் வட்டிமேல் வரியும் தொடரும். தனிநபர் கடன் கிடைக்கும் உங்களுக்கு அது தேவையில்லை. ‘பிறகு கட்டலாம்’ செயலியைத் தொடவே தொடாதீர்கள். அதுவும் கடன்தான், தவறினால் கடன் வரலாற்றில் ஏறும். சாப்பாட்டைக் கடனில் வாங்கிப் பழகிய கைக்கு இன்னொரு கடன் எதற்கு? தள்ளுபடிச் சந்தாவோ, கட்டிய பணத்தை எடுப்பதற்காகவே உங்களை இன்னும் இரண்டு வெள்ளிக்கிழமை வெளியே இழுக்கும்.

தம்பிக்கு அடுத்த ஆண்டும் கட்டணம் வரும். அதற்கு இப்போதே, அப்பாவும் தம்பியும் ஊரில் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் கல்விக் கடன் கேட்கட்டும். 4 லட்சம் வரை அடமானம் கேட்க மாட்டார்கள். வட்டி உங்கள் கார்டில் கால் பங்குகூட இருக்காது. படித்து முடித்தபின் அதைத் தம்பி கட்டலாம். நீங்கள் மறுத்ததாக ஆகாது.

கடைசியாக ஒன்று. ஆறாவது மாதம் கார்டு அறிக்கையில் உள்ள தொகையை முழுதும் கட்டிய பிறகும், அறிக்கைத் தேதிக்கும் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அடுத்த அறிக்கையில் சில நூறு ரூபாயாக வரும். பதற வேண்டாம், அதையும் முழுதாகக் கட்டுங்கள். அடுத்தடுத்த இரண்டு அறிக்கைகளில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகே கார்டை அலமாரியிலிருந்து எடுங்கள்.