முழுப் பாக்கெட்டும் ஒரு ஆளுக்குத்தான்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: மகனுக்கு ஐந்து வயதிலிருந்து மால்ட் பவுடர் கலந்த பால் கொடுக்கிறேன். 'ஹெல்த் ட்ரிங்க்' என்று நம்பித்தான் வாங்கினேன். இப்போது ஒன்பது வயது. எடை கூடிவிட்டது, நான்கு பல் சொத்தை. பல் டாக்டர் பவுடரை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தினால் சத்துக் குறையுமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: குறையாது அம்மா. புரதமும் கால்சியமும் பாலிலேயே இருக்கின்றன. தவறு உங்கள் மேல் இல்லை. 'ஹெல்த் ட்ரிங்க்' என்று ஒரு வகையே நமது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. ஆன்லைன் கடைகள் இந்தப் பானங்களை அந்தத் தலைப்பில் வைத்து விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னதே 2024 ஏப்ரலில்தான். அதற்குள் எத்தனை பிள்ளைகள் வளர்ந்து முடித்துவிட்டார்கள்!

நானும் என் மகளுக்கு ஆறு வருடம் வாங்கினேன். ஒரு நாள் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். 100 கிராமில் 37 கிராம் சர்க்கரை. காலையில் இரண்டு ஸ்பூன், மாலையில் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் என் கையாலேயே சர்க்கரை வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன். இன்றும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

ஒரேயடியாக நிறுத்தினால் பையன் அடம்பிடிப்பான். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏலக்காய் தட்டிப் போட்ட பால், கேழ்வரகுக் கஞ்சி என்று மாற்றிப் பாருங்கள். எடை விஷயத்தைக் குழந்தைகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளை ரொட்டியை விட்டுவிட்டு பிரவுன் பிரெட்டுக்கு மாறிவிட்டேன். நல்லதுதானே?
— வாசகர், தாம்பரம்

பதில்: பொருட்கள் பட்டியலில் எது எடை அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயர் 'ரிஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்றால் அது மைதா. கீழே 150 என்ற எண் இருந்தால் அந்தப் பழுப்பு, கேரமல் நிறம். வாங்காதீர்கள்.

கேள்வி: அப்பளம், வற்றல், ஊறுகாய் எல்லாம் பாட்டி காலத்திலிருந்தே பதப்படுத்தியவைதான். இப்போது மட்டும் ஏன் இத்தனை பயமுறுத்தல்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

பதில்: நல்ல கேள்வி ஐயா. பிரேசிலின் சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தில் கார்லோஸ் மொன்டெய்ரோவும் அவருடைய குழுவும் உணவை நான்காகப் பிரித்தார்கள். அரிசி, பருப்பு, காய், பால் முதல் வகை. எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாவது. உப்பிட்டும் உலர்த்தியும் வைக்கிற ஊறுகாய் போன்றவை மூன்றாவது. எந்த வீட்டுச் சமையலறையிலும் இல்லாத மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் எமல்சிஃபையர், செயற்கை வாசனை எல்லாம் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படுபவை நான்காவது. சிக்கல் இந்த நான்காவதில்தான்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரைத் தங்கவைத்துச் சோதித்தது. முடிவு 2019-ல் வெளியானது. இரண்டு வாரம் நான்காம் வகை, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய சமமாக வைத்தார்கள். வேண்டுமளவு சாப்பிடலாம். நான்காம் வகையில் சராசரியாக ஒரு ஆள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார், இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடையும் ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு இறங்கியது. வேகவேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். மெல்ல வேலையே இல்லாத சாப்பாடு. வயிறு நிறைந்தது தெரிவதற்குள் தட்டு காலி.

பாட்டி போட்ட ஊறுகாயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். பிபி இருந்தால் மட்டும் தொட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு பிபி. அவருக்கு மிக்சர் என்றால் உயிர். பாக்கெட்டில் சோடியம் கொஞ்சமாகத்தான் போட்டிருக்கிறது. கொடுக்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: எந்த வரிசையில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. 'ஒரு சர்விங்', அதாவது ஒரு தடவை சாப்பிடும் அளவு என்ற வரிசையில் படித்திருப்பீர்கள். எனக்கு வருஷக்கணக்காக வயிற்றெரிச்சல் தரும் விஷயம் இது.

இப்போது என் மேஜையில் ஒரு மிக்சர் பாக்கெட் இருக்கிறது. 150 கிராம். ஒரு சர்விங் 30 கிராமாம். அதில் சோடியம் 240 மில்லிகிராம். 30 கிராமைத் தராசில் நிறுத்து காபி டவராவில் கொட்டினேன். பாதிக்கு மேல் வரவில்லை. சாயங்காலம் டிவி முன்னால் உட்காருகிற எந்த அப்பா அதோடு எழுந்திருப்பார்? பாக்கெட் முழுவதற்கும் கணக்குப் போட்டால் 1,200 மில்லிகிராம் சோடியம். சோடியத்தை உப்புக் கணக்காக்க இரண்டரையால் பெருக்குங்கள்: 3 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழ்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பார், சட்னி, மோர் எல்லாம் இன்னும் கணக்கில் வரவே இல்லை.

சர்விங்கைச் சிறிதாக்கினால் எந்தப் பண்டமும் நல்லதாகத் தெரியும். சிலி நாட்டில் 2016-லிருந்து சர்க்கரை, சோடியம் போன்றவை வரம்பை மீறினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை போட்டாக வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் புரியும். நம் நாட்டில் 2022-ல் வந்த வரைவு விதி, பாக்கெட்டுக்கு நட்சத்திர மதிப்பீடு கொடுக்கலாம் என்றது. ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால்கூட ஏதோ நல்லது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். எச்சரிக்கை வேண்டிய இடத்தில் பாராட்டு எதற்கு? கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தைப் பெரியவர்கள் படித்து, பெருக்கி, வகுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது அநியாயம்.

அப்பாவுக்கு வீட்டில் பொரிகடலை, வேர்க்கடலை வறுத்து உப்புக் குறைவாகக் கொடுங்கள். மிக்சர் பண்டிகைக்கு ஒரு பிடி போதும்.

கேள்வி: ஆஃபரில் 24 பாக்கெட் ஃப்ரோசன் நக்கெட்ஸ் வாங்கினேன். ஃப்ரீசரில் இடம் இல்லாததால் பாதியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தேன். ஒரு வாரத்தில் வாடை. பில்லையும் தொலைத்துவிட்டேன். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், சென்னை

பதில்: கிடைக்காது. மைனஸ் 18 டிகிரியில் வைக்கச் சொல்லி அட்டையிலேயே அச்சிட்டிருப்பார்கள். ஃப்ரீசரின் அளவு வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். பில்லை வைத்திருங்கள் என்று மாதம் தவறாமல் எழுதுகிறேன். வாடை வந்ததைச் சாப்பிடாதீர்கள், தெருநாய்க்கும் போடாதீர்கள்.

கேள்வி: பேத்தி பிறந்தநாளுக்குக் கூலிக் காசில் 350 ரூபாய்க்கு சாக்லேட் டப்பா வாங்கினேன். தின்ற பிள்ளைக்கு இரவெல்லாம் வாந்தி. தேதி மேலே ஒரு ஸ்டிக்கர். அதன் ஓரத்தைச் சுரண்டினால் அடியில் எட்டு மாதத்துக்கு முன்பே முடிந்த தேதி. கடைக்காரர் 'நீதான் ஒட்டிக்கொண்டு வந்தாய்' என்று நாலு பேர் முன்னால் திட்டி அனுப்பினார்.
— ஒரு பாட்டி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: அம்மா, கடிதத்தைப் படித்துவிட்டு வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை. பிள்ளை தேறிவிட்டாளா? தேதியை மறைத்து விற்றது அவர் செய்த குற்றம். தலைகுனிய வேண்டியவர் அவர்.

இனி அந்த ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். மிச்ச சாக்லேட்டோடு டப்பாவை அப்படியே பையில் கட்டி வையுங்கள். பேட்ச் எண் தெரிய போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு, மருந்து பில் எதையும் விடாதீர்கள். மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் தமிழிலேயே சொல்லலாம். நஷ்டஈட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எனக்கும் இப்படி ஒரு நெய் டப்பா வந்தது. அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிட்டேன். அந்தக் கடையில் அடுத்து யார் வாங்கினார்களோ. புகார் மனு எழுத ஆள் இல்லையென்றால் இந்தப் பகுதிக்கே இன்னொரு கடிதம் போடுங்கள், நான் எழுதி அனுப்புகிறேன்.