காட்டைத் தின்ற ரயிலைக் காப்பாற்றலாமா?

கேள்வி: அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியாவின் காஸ் என்ற ஊரில் நீராவி மலை ரயிலில் போய் வந்தேன். நம் ஊட்டி ரயிலைப் போன்றது என்று நினைத்துத்தான் ஏறினேன். மரக் கம்பெனி போட்ட பாதை என்று பிறகு தெரிந்தது. ஒரு காட்டையே மொட்டையடித்த எஞ்சினை அரசாங்கம் சீராட்டுவது நியாயமா?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: நியாயம்தான். உங்கள் கோபத்தில் தவறில்லை. அதை எஞ்சின்மேல் காட்டுவதுதான் தவறு.

1901-ல் அந்தப் பாதையைப் போடத் தொடங்கியது வெஸ்ட் வர்ஜீனியா பல்ப் அண்ட் பேப்பர் கம்பெனி. மலைமேல் நின்ற ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களை வெட்டி, கூழுக்கான கட்டைகளைக் கோவிங்டன் காகித ஆலைக்கு அனுப்பியது. பெருந்தடிகளைக் காஸிலேயே தன் மரமில்லில் பலகையாக அறுத்தது. காகிதத்தில் அச்சாகும் பத்திரிகையை நடத்துகிற எனக்கு இந்த விவரம் உறுத்தாமல் இல்லை. வீடுகளும் கடையும் கம்பெனியுடையவை. ஊரின் பெயர்கூட அதன் தலைவர்களில் ஒருவருடையது.

ஊட்டி ரயில் மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏறுகிறது. அதற்கே, எஞ்சினின் பல்சக்கரம் பற்றிக்கொண்டு ஏற, நடுவில் பல் தண்டவாளம் வேண்டியிருக்கிறது. காஸில் ஏறக்குறைய 9 அடிக்கு ஓர் அடி ஏற்றத்தைப் பல் தண்டவாளமே இல்லாமல் ஏறினார்கள். எஃப்ரைம் ஷே என்ற மிச்சிகன் மரவெட்டுக்காரர் 1881-ல் காப்புரிமை பெற்ற எஞ்சின் அது. அதன் வலப்பக்கம் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும், அவை சுழற்றும் நீண்ட தண்டு அந்தப் பக்கத்து ஒவ்வொரு சக்கரத்தின் வெளிப்புறமும் உள்ள பல்லோடு கோத்து, எல்லாச் சக்கரங்களையும் ஒன்றாகத் திருப்பும், அந்தப் பாரத்தைச் சமன்செய்யக் கொதிகலனை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். ஒரு சரிவில் மரம் தீர்ந்ததும் கிளைப்பாதையைப் பெயர்த்து அடுத்த சரிவில் போட்டுக்கொண்டே போனார்கள். எந்தச் சரிவை எப்போது வெட்டுவது என்று எஞ்சின் முடிவு செய்யவில்லை. பலகைக்கும் காகிதத்துக்கும் விலை பார்த்தவர்கள் முடிவு செய்தார்கள்.

1942-ல் மில்லும் பாதையும் மவர் லம்பர் கம்பெனியின் கைக்குப் போயின. 1960-ல் மில் நின்றது. பழைய இரும்புக்குப் போகவிருந்த எஞ்சின்களையும் பாதையையும் ஆர்வலர்களின் முயற்சியால் மாநில அரசு வாங்கி, 1963-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 1905-ல் செய்த ஐந்தாம் எண் ஷே எஞ்சின் இன்றும் அங்கே இருக்கிறது. அரசிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உச்சியின் காட்சியைக் காட்டுகிற அதே அக்கறையோடு, அங்கே என்ன நின்றது, யார் வெட்டினார்கள் என்பதையும் ஒவ்வொரு பயணிக்கும் சொல்ல வேண்டும்.

அதே 1963-ல்தான் உங்கள் ஊருக்கு மிக அருகில் மரம் ஏற்றிய இன்னொரு ரயில் மூடப்பட்டது. பரம்பிக்குளத்துத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்குவதற்காகக் கொச்சி சமஸ்தானம் போட்ட, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் டிராம்வே அது. 1907 முதல் ஓடியது. காஸில் எஞ்சின் பிழைத்திருப்பதால் அங்கே அழிந்த காட்டைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். பரம்பிக்குளத்துத் தேக்கைப் பற்றிப் பொள்ளாச்சியிலிருந்து இதுவரை எங்களுக்கு ஒரு கேள்வியும் வந்ததில்லை.